ஸ்வீடிஷும் மலையாளமும் எங்கெங்கே பேசப்படுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்பு, மென்பொருள் உள்ளூராக்கம், வேலைக்காகக் குடிபெயர்தல், பள்ளிச் செயல்திட்டம் என்று பல காரணங்களுக்காக இந்த இரு மொழிகளின் புவியியலைக் கேட்கிறார்கள். ஒன்று வட ஜெர்மானிய மொழி, மற்றது திராவிட மொழி. உறவு கிடையாது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு மொழி எத்தனை பேரால் பேசப்படுகிறது என்பதும் அது எந்தெந்த இடத்தில் அரசு அலுவலகம் வரை செல்லுபடியாகிறது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பது தெளிவாகத் தெரியும். கீழே உள்ள பதில்கள் அந்த இரண்டாவது கேள்வியில்தான் அதிக நேரம் செலவிடுகின்றன.

சுருக்கமாக, எது எங்கே?

ஸ்வீடிஷ்: ஸ்வீடன் முழுவதும், பின்லாந்தின் தெற்கு, மேற்குக் கடலோரங்கள், பின்லாந்துக்கு உட்பட்ட ஓலாண்ட் தீவுகள். இரண்டு நாடுகளின் சட்டத்தில் இடம் பெற்ற மொழி. இரண்டும் 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததால் அங்கும் ஆட்சி மொழி.

மலையாளம்: கேரளம், லட்சத்தீவு, புதுச்சேரியின் மாஹே பகுதி. இவற்றுக்கு வெளியே தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம், அந்தமான், வளைகுடா நாடுகள். இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி. 2013இல் செம்மொழித் தகுதி பெற்றது. இந்தியாவுக்கு வெளியே எந்த நாட்டிலும் ஆட்சி மொழி இல்லை.

பேசுவோர் எண்ணிக்கையில் எது பெரியது?

மலையாளம், பெரிய வித்தியாசத்தில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் 3 கோடியே 48 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகக் கூறினார்கள். ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் உலகம் முழுவதும் சுமார் 1 கோடி.

நிலப்பரப்போ தலைகீழ். ஸ்வீடனின் பரப்பு சுமார் 4.5 லட்சம் சதுர கி.மீ. கேரளம் 38,900 சதுர கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதாவது கேரளத்தைப் போல 11 மடங்குக்கும் அதிகமான நிலத்தில், மலையாளிகளில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத மக்கள். கேரளத்தில் சதுர கி.மீ.க்கு 860 பேர் (2011). ஸ்வீடனில் சுமார் 25 பேர். ஆகவே வரைபடத்தில் நிறம் தீட்டினால் ஸ்வீடிஷ் பெரிய மொழியாகத் தோன்றும், பட்டை விளக்கப்படம் வரைந்தால் மலையாளம் பெரிதாகத் தோன்றும். எதைக் காட்ட வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்வீடனின் மக்கள்தொகையையே ஸ்வீடிஷ் பேசுவோர் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மிகப் பரவலான தவறு இதுதான். ஸ்வீடனின் மக்கள்தொகை சுமார் 1.06 கோடி; அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். அவர்களில் பெரும்பாலோர் ஸ்வீடிஷ் பேசுவார்கள், ஆனால் தாய்மொழி அரபி, பின்னிஷ், போலிஷ், சோமாலி என்று வேறாக இருக்கும். ஸ்வீடன் அரசு தன் குடிமக்களின் தாய்மொழியைப் பதிவு செய்வதே இல்லை. பிறந்த நாடு பதிவில் உண்டு, மொழி கிடையாது. எனவே ஸ்வீடனுக்குள் எத்தனை பேருக்கு ஸ்வீடிஷ் தாய்மொழி என்று கடைசி இலக்கம் வரை துல்லியமாக யாராவது எழுதினால், அது மதிப்பீடுதான்.

கேரளத்திலும் இதே கதைதான், ஆனால் அங்கே கணக்கு உண்டு. 2011இல் மக்கள்தொகை 3.34 கோடி, மலையாளத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 3.24 கோடி, அதாவது 97 சதவீதம். மீதி 3 சதவீதத்தில் தமிழ், துளு, கன்னடம், கொங்கணி எல்லாம் அடங்கும்.

இன்னொரு சிக்கல்: இந்தியக் கணக்கெடுப்பில் 'மலையாளம்' என்ற தலைப்பின் கீழ் பணியர், எரவர் ஆகிய பழங்குடியினரின் பேச்சுகள் போன்றவையும் சேர்க்கப்படுகின்றன. இவை தனி மொழிகளா, கிளைமொழிகளா என்பதில் மொழியியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எண்கள் சிறியவை என்பதால் மொத்தத்தை அசைக்காது. ஆனால் வயநாட்டைப் பற்றி எழுதுபவர்கள் இதைப் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

ஸ்வீடனில் ஸ்வீடிஷ் எப்போது ஆட்சி மொழியானது?

சட்டப்படி 2009இல்தான். அதுவரை எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள், எழுதி வைக்கத் தேவை இருக்கவில்லை. 2005இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட முன்மொழிவு 147க்கு 145 என்று இரண்டே வாக்குகளில் தோற்றது. 2009 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மொழிச் சட்டம் ஸ்வீடிஷை நாட்டின் முதன்மை மொழி என்கிறது. பின்லாந்தில் ஸ்வீடிஷுக்குச் சட்டப் பாதுகாப்பு இதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆபத்தை உணர்ந்த இடத்தில்தான் சட்டம் முதலில் வருகிறது.

அதே ஸ்வீடனில் ஐந்து மொழிகளுக்குத் தேசியச் சிறுபான்மை மொழி என்ற தகுதி உண்டு: பின்னிஷ், மியான்கியெலி (பின்னிஷுக்கு நெருங்கியது), சாமி (வடகோடிப் பழங்குடியினரின் மொழி), ரோமானி, இத்திஷ். வடக்கே பின்லாந்து எல்லையை ஒட்டிய தூர்னே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மியான்கியெலி, பின்னிஷ். அதற்கும் மேலே சாமி. ஆகவே வரைபடத்தில் வட ஸ்வீடனை ஒரே நிறமாகத் தீட்டுவது பாதி உண்மை.

பின்லாந்தில் எங்கே ஸ்வீடிஷ் பேசுகிறார்கள்? ஏன்?

பின்லாந்து 1809 வரை பல நூற்றாண்டுகள் ஸ்வீடன் அரசின் பகுதி. கடலோரங்களில் ஸ்வீடிஷ் பேசும் மீனவர்களும் உழவர்களும் இடைக்காலத்திலிருந்தே வாழ்கிறார்கள். நிர்வாகம், பல்கலைக்கழகம், நீதிமன்றம் எல்லாம் 19ஆம் நூற்றாண்டு வரை ஸ்வீடிஷில் நடந்தன. 1900 வாக்கில் மக்களில் 100க்கு 13 பேர் ஸ்வீடிஷ் பேசினார்கள். இப்போது 100க்கு 5 பேர்தான், ஏறத்தாழ 2 லட்சத்து 87 ஆயிரம். எண்ணிக்கையும் சற்றுக் குறைந்தது; ஆனால் பின்னிஷ் பேசுவோர் ஏறத்தாழ இரு மடங்கானதே விகிதம் இவ்வளவு சுருங்கியதற்கு முக்கியக் காரணம்.

இடங்கள் இவை:

- தெற்குக் கடலோரமான நியூலாண்ட்: ஹெல்சிங்கி, எஸ்போ, போர்வோ, ராசெபோரி. பெருநகரங்களில் ஸ்வீடிஷ் பேசுவோர் சிதறி வாழ்கிறார்கள், சிற்றூர்களில் அடர்த்தியாக.
- தென்மேற்கில் துர்க்கு. ஸ்வீடிஷில் அந்த ஊர் ஓபோ. ஸ்வீடிஷ் வழியில் கற்பிக்கும் ஓபோ அகாடமி பல்கலைக்கழகம் 1918இல் இங்கே தொடங்கியது.
- மேற்குக் கடலோரமான ஓஸ்டர்போட்டன்: வாசா, யாகோப்ஸ்டாட், நேர்பெஸ். ஸ்வீடிஷ் தெருவில் உயிரோடு கேட்கும் பகுதி இதுதான்.

நேர்பெஸைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். பின்லாந்தின் தக்காளி விளைச்சலில் பெரும்பங்கு இந்தச் சிறு நகரத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பசுமைக்குடில்களிலிருந்து வருகிறது. அங்கே வேலைக்கு வந்த வியட்நாமியர், போஸ்னியர் குடும்பங்கள் ஒருங்கிணைப்புக்குக் கற்றுக்கொள்வது பின்னிஷ் அல்ல, ஸ்வீடிஷ். கடையிலும் பள்ளியிலும் அதுதான் புழங்குகிறது. ஒரு சிறுபான்மை மொழி புதிதாக வருபவர்களையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு வலுவாக இருப்பது உலகில் அரிது. மொழிக் கொள்கை பற்றிப் பேசும் யாரும் இந்த ஊரைத் தவறவிடக் கூடாது.

பின்லாந்தில் ஒரு ஊர் 'இருமொழி ஊர்' என்று எப்படி முடிவாகிறது?

கணக்குப் போட்டுத்தான். ஒரு நகராட்சியில் சிறுபான்மை மொழி பேசுவோர் குறைந்தது 8 சதவீதம் இருக்க வேண்டும், அல்லது 3,000 பேர் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். ஹெல்சிங்கியில் ஸ்வீடிஷ் பேசுவோர் 6 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பல்லாயிரம் பேர் என்பதால் அது இருமொழி நகரம். ஏற்கெனவே இருமொழியாக உள்ள ஊரில் எண்ணிக்கை 3,000க்குக் கீழே போய், விகிதமும் 6 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் தகுதி போகும். அப்போதும் நகராட்சி மன்றம் கேட்டுக்கொண்டால் அரசு அடுத்த பத்தாண்டுக்கு நீட்டிக்கலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை பட்டியல் புதுப்பிக்கப்படும். இப்போதைய காலம் 2023 முதல் 2032 வரை.

தற்போது 33 இருமொழி நகராட்சிகள், ஸ்வீடிஷ் மட்டும் உள்ளவை 16. அந்த 16ம் ஓலாண்டில்தான்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? இருமொழி ஊரில் பெயர்ப்பலகை இரண்டு வரியாக இருக்கும். பெரும்பான்மை மொழி மேலே. ஹெல்சிங்கியில் பின்னிஷ் மேலே, யாகோப்ஸ்டாட்டில் ஸ்வீடிஷ் மேலே. குழந்தை காப்பகம், பள்ளி, மருத்துவமனை, வரிக் கடிதம் எல்லாம் கேட்கும் மொழியில் தர வேண்டும். வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது ஊர்ப் பெயர்களில்: துர்க்கு என்றாலும் ஓபோ என்றாலும் ஒரே ஊர், தம்பெரேயும் தம்மர்ஃபோர்ஸும் ஒன்றே, ஹெல்சிங்கியின் ஸ்வீடிஷ் பெயர் ஹெல்சிங்ஃபோர்ஸ். தரவு அட்டவணையில் இவை இரண்டு ஊர்களாக ஏறி, எண்ணிக்கை இரட்டிப்பாவது அடிக்கடி நடக்கும் பிழை. நகராட்சிக் குறியீட்டு எண்ணை வைத்துச் சேர்த்தால் அது நேராது.

ஓலாண்ட் தீவுகளில் என்ன தனிச்சிறப்பு?

ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே உள்ள தீவுக்கூட்டம். மக்கள் சுமார் 30,000. 1921இல் சர்வதேசச் சங்கம் இதைப் பின்லாந்துக்கே உரியது என்று முடிவு செய்து, தீவு மக்களின் ஸ்வீடிஷ் மொழியையும் பண்பாட்டையும் காக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இங்கே ஆட்சி மொழி ஸ்வீடிஷ் மட்டுமே. அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளின் பயிற்று மொழியும் அதுதான்.

இங்கே நிலம் வாங்கவோ, தீவின் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கவோ வட்டார வாழ்வுரிமை என்ற தகுதி வேண்டும். பெற்றோர் வழியாக வராதவர்களுக்கு மூன்று நிபந்தனைகள்: பின்லாந்துக் குடியுரிமை, ஐந்து ஆண்டு தொடர் வசிப்பு, போதுமான ஸ்வீடிஷ் அறிவு. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வெளியே வசித்தால் உரிமை போய்விடும். நிலத்தையும் வாக்கையும் மொழியோடு இப்படிக் கட்டிப் போட்டதால்தான் இவ்வளவு சிறிய கூட்டம் நூறாண்டு தாண்டியும் மொழி மாறாமல் இருக்கிறது.

ஸ்வீடிஷ் தெரிந்தால் நார்வே, டென்மார்க்கில் சமாளிக்கலாமா?

நார்வேயில் பெருமளவு சமாளிக்கலாம். டேனிஷ் எழுத்தில் புரியும், பேச்சில் பழக்கம் தேவை. 1987 முதல் நடைமுறையில் உள்ள நோர்டிக் (வட ஐரோப்பிய) மொழி ஒப்பந்தப்படி, நோர்டிக் நாட்டுக் குடிமக்கள் மற்ற நோர்டிக் நாடுகளின் அலுவலகங்களில் தங்கள் மொழியைப் பயன்படுத்த வழி உண்டு. ஆனால் இவை ஸ்வீடிஷ் பேசும் நாடுகள் அல்ல, வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.

கேரளத்துக்குள்ளேயே மலையாளம் அல்லாத பகுதிகள் எவை?

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் உருவானபோது எல்லை எங்கும் கத்தியால் வெட்டியதுபோல் விழவில்லை. வடகோடியில் காசர்கோடு மாவட்டத்தில் கன்னடம், துளு, கொங்கணி, பியாரி எல்லாம் வீட்டு மொழிகள். கிழக்கே இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் பாலக்காட்டின் சித்தூரிலும் தமிழ் பேசுவோர் ஏராளம். மூணாறு கடைத்தெருவில் தமிழிலேயே பேசி வாங்கிவிட்டு வரலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது.

லட்சத்தீவில் எல்லோரும் மலையாளம் பேசுகிறார்களா?

இல்லை. மக்கள் வாழும் தீவுகள் பத்து. அவற்றில் ஒன்பதில் பேச்சு ஜெசரி. மலையாளத்தோடு நெருங்கியது, ஆனால் கொச்சிக்காரருக்கு முதலில் கேட்கும்போது எளிதில் பிடிபடாது. பள்ளியிலும் அலுவலகத்திலும் எழுத்து மலையாளம். பத்தாவது தீவான மினிக்காய் ஒன்பது டிகிரி கால்வாய்க்குத் தெற்கே தனியாக இருக்கிறது. அங்கே பேசுவது மஹல். அது மாலத்தீவின் திவேஹி மொழியின் வடிவம், இந்தோ-ஆரியக் குடும்பம், எழுத்து வலமிருந்து இடமாகப் போகும்.

2011இல் லட்சத்தீவின் மக்கள்தொகை 64,473. அதில் மலையாளம் என்று பதிவானவர்கள் 84 சதவீதம் அளவு. ஜெசரி இந்த 84க்குள் கரைந்து போகிறது. ஓலாண்டைவிட இரு மடங்கு மக்கள் கொண்ட தீவுக்கூட்டத்தின் சொந்தப் பேச்சு எந்த அட்டவணையிலும் தனி வரியாக வராதது சரியல்ல. ஒப்பீடு செய்பவர்கள் அடிக்குறிப்பிலாவது ஜெசரியின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

மாஹே ஏன் கேரளத்தில் இல்லை?

அது 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 9 சதுர கி.மீ. அளவு, மூன்று பக்கமும் கேரளம், ஒரு பக்கம் அரபிக் கடல். நிர்வாகத் தலைநகரான புதுச்சேரி சாலை வழியே 600 கி.மீ.க்கும் அப்பால் வங்கக் கடலோரத்தில். புதுச்சேரியின் 1965 ஆட்சிமொழிச் சட்டம் தமிழை முன்னிறுத்தி, மாஹேயில் மலையாளத்தையும் ஏனாமில் தெலுங்கையும் பயன்படுத்தலாம் என்கிறது. மாநில அளவிலான தரவில் மாஹே புதுச்சேரியின் மொத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மாவட்ட அளவு அட்டவணையை எடுத்தால் வெளியே வரும்.

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மலையாளம் எங்கே?

2011இல் கர்நாடகத்தில் 7.7 லட்சம், தமிழ்நாட்டில் 7.3 லட்சம் பேர். மகாராஷ்டிரத்தில் 3.7 லட்சம், பெரும்பாலும் மும்பை, புனே வட்டாரம்.

தமிழ்நாட்டுக் கணக்கை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். சென்னை, கோயம்புத்தூர் மலையாளிகளில் பெரும்பாலோர் தொழிலுக்கும் படிப்புக்கும் வந்தவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படி இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. மக்கள் இடம் மாறவில்லை, எல்லைதான் மாறியது. விளவங்கோட்டின் மேற்குப் பகுதியில் ஒரே வீட்டில் இரு மொழியும் இயல்பாகப் புழங்கும். இந்த மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் கேரள அரசே பராமரிக்கிறது. நீலகிரியின் கூடலூரும் வயநாட்டை ஒட்டியிருப்பதால் மலையாளம் வேரூன்றிய பகுதிதான். 'வந்தேறியவர்கள்' என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடைப்பது கன்னியாகுமரிக்கும் கூடலூருக்கும் பொருந்தாது.

அந்தமானில் மலையாள ஊர்ப் பெயர்கள் எப்படி வந்தன?

1921 மலபார் கிளர்ச்சிக்குப் பிறகு மாப்பிள்ளை எனப்படும் மலபார் முஸ்லிம் கைதிகளை ஆங்கிலேயர் அந்தமானுக்கு அனுப்பினார்கள். பின்னர் குடும்பங்களும் சென்றன. தெற்கு அந்தமானில் காலிக்கட், மஞ்சேரி, வண்டூர், மண்ணார்காடு என்று மலபார் ஊர்ப் பெயர்களையே தங்கள் கிராமங்களுக்கு வைத்தார்கள். வண்டூர் என்று தேடினால் இரண்டு இடம் வரும்; மலப்புறமா, அந்தமானா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

வளைகுடாவில் மலையாளத்தின் நிலை என்ன?

2018 கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் இருந்த கேரளத்தவர் சுமார் 21 லட்சம். மிகப் பெரும்பகுதி ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன். வானொலி, நாளிதழ், கடைப் பலகை, பள்ளிப் பாடம் என்று மலையாளம் எல்லா இடத்திலும் இருக்கிறது. கேரள அரசின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கே அமீரகத்தில் மையங்கள் உண்டு.

ஆனால் சட்ட உரிமை பூஜ்யம். விசா முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். பிள்ளைகள் குடியுரிமை பெறுவதில்லை. பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசும் 2.87 லட்சம் பேருக்கு நீதிமன்றத்தில் தங்கள் மொழியில் பேச உரிமை உண்டு. அவர்களைப் போலப் பல மடங்கு உள்ள வளைகுடா மலையாளிகளுக்கு அது கிடையாது. இரு மொழிகளையும் ஒப்பிடும்போது சொல்ல வேண்டிய மிக முக்கியமான வித்தியாசம் இது. எண்ணிக்கை பாதுகாப்பாக மாறுவது குடியுரிமையும் சட்டமும் கூடும்போதுதான்.

ஒரு காலத்தில் பேசப்பட்டு இப்போது மறைந்த இடங்கள் உண்டா?

ஸ்வீடிஷுக்கு நிறைய. எஸ்டோனியாவின் வோர்ம்சி, ரூனு, ஹியூமா தீவுகளிலும் எதிர்க்கரையிலும் நூற்றாண்டுகளாக ஸ்வீடிஷ் பேசும் மக்கள் வாழ்ந்தார்கள். 1944இல் சோவியத் படை நெருங்கியபோது பெரும்பாலோர் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். ஹியூமாவிலிருந்து 1781இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரீன் காலத்தில் தெற்கே அனுப்பப்பட்ட ஒரு கூட்டம், இன்றைய உக்ரைனின் கெர்சோன் பகுதியில் காம்மல்ஸ்வென்ஸ்க்பியூ என்ற கிராமத்தை அமைத்தது. வழியிலேயே பலர் இறந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்களில் சுமார் 880 பேர் 1929இல் ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்தார்கள். அமெரிக்காவுக்கு, குறிப்பாக மின்னசோட்டா, இல்லினாய் போன்ற மாநிலங்களுக்கு, 1850க்கும் 1930க்கும் இடையே மொத்தம் 10 லட்சத்துக்கும் அதிகமான ஸ்வீடன்காரர்கள் போனார்கள். அடுத்த இரண்டு தலைமுறையில் மொழி ஆங்கிலமாகிவிட்டது.

மலையாளத்துக்கு, கொச்சி யூதர்களின் யூத மலையாளம். 1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றார்கள். நெகேவ் பாலைவனத்தின் நெவாட்டிம் குடியிருப்பு அவர்களுடையது. இப்போது முதியோரிடம் மட்டுமே அந்தப் பேச்சு உள்ளது.

ஸ்வீடனில் குடியேறினால் என் குழந்தைக்கு மலையாளமோ தமிழோ பள்ளியில் சொல்லித் தருவார்களா?

வாய்ப்பு உண்டு. தாய்மொழிப் பாடம் என்ற ஏற்பாடு ஸ்வீடன் பள்ளிகளில் உள்ளது. நிபந்தனைகள்: வீட்டில் அன்றாடம் பேசும் மொழியாக இருக்க வேண்டும், குழந்தைக்கு அடிப்படை தெரிந்திருக்க வேண்டும், அதே நகராட்சியில் குறைந்தது ஐந்து மாணவர்கள் கேட்டிருக்க வேண்டும், தகுதியான ஆசிரியர் கிடைக்க வேண்டும். பெரும்பாலும் தடங்கல் ஐந்து என்ற எண்ணிக்கையில் வரும். நகராட்சியில் உள்ள மற்றக் குடும்பங்களோடு பேசி, ஒரே பருவத்தில் எல்லோரும் விண்ணப்பித்தால் அதைத் தாண்டலாம். விண்ணப்ப நாள் நகராட்சிக்கு நகராட்சி மாறும், பள்ளியில் கேளுங்கள்.

பெரியவர்களுக்கு நகராட்சிகள் நடத்தும் குடியேறியோருக்கான ஸ்வீடிஷ் வகுப்பு இலவசம். ஏ முதல் டி வரை நான்கு நிலைகள். முன்படிப்பைப் பொறுத்து மூன்று வழித்தடங்களில் ஒன்றில் சேர்ப்பார்கள். பட்டதாரிகள் பொதுவாக வேகமான மூன்றாவது தடத்தில்.

மலையாளக் குடும்பங்களுக்குக் கேரள அரசின் மலையாளம் மிஷன் வகுப்புகளும் உண்டு. கணிக்கொன்ன (2 ஆண்டு), சூர்யகாந்தி (2), ஆம்பல் (3), நீலக்குறிஞ்ஞி (3) என்று பத்தாண்டுப் படிப்பு. உள்ளூர் சங்கங்கள் மூலம் நடக்கும்.

பின்லாந்துக் குடியுரிமைக்குப் பின்னிஷ் கட்டாயமா?

இல்லை. பின்னிஷ் அல்லது ஸ்வீடிஷ், ஏதாவது ஒன்று போதும். பொது மொழித் தேர்வில் மூன்றாம் நிலையைக் காட்ட வேண்டும். ஆனால் உள்நாட்டுப் பகுதிகளில் வேலை தேடுவதாக இருந்தால் பின்னிஷ் இல்லாமல் நகர முடியாது. ஓஸ்டர்போட்டன் கடலோரம், ஓலாண்ட் என்றால் ஸ்வீடிஷ் நல்ல தேர்வு.

இணையதளத்தை இரு மொழியிலும் வெளியிடும்போது என்ன தவறும்?

முதலில் குறியீடு. ஸ்வீடிஷின் மொழிக் குறியீடு எஸ்.வி.; எஸ்.ஈ. என்பது நாட்டுக் குறியீடு. எஸ்.ஈ. என்று மொழிக்கு எழுதினால் அது வடக்கு சாமி மொழியைக் குறிக்கும். உலாவியும் திரைவாசிப்பானும் குழம்பும். பின்லாந்துக்கு எஸ்.வி.யோடு எஃப்.ஐ. சேர்த்துத் தனிப் பதிப்பு வையுங்கள்: நாணயம் குரோனா அல்ல, யூரோ, நேரம் ஒரு மணி முன்னால், அலுவலகச் சொற்களும் வேறு. பின்லாந்திலிருந்து வரும் எல்லோருக்கும் தானாகப் பின்னிஷ் பக்கத்தைக் காட்டாதீர்கள்.

அகரவரிசை: ஸ்வீடிஷில் 29 எழுத்து. வளையமும் இரட்டைப் புள்ளியும் பெற்ற மூன்று உயிரெழுத்துகள் கடைசியில், இசட்டுக்குப் பிறகு வரும். ஓலாண்டும் ஓபோவும் அந்த வளைய எழுத்தில் தொடங்குவதால் பட்டியலின் இறுதியில் இருக்கும். மென்பொருள் அவற்றை ஏ வரிசையில் போட்டால் பயனர் தேடிக் களைப்பார்.

மலையாளத்தில் பெரிய தொல்லை சில்லு எழுத்துகள்: ன், ல், ள், ர், ண் ஒலிகளின் சொல்லிறுதி வடிவங்கள். 2008க்கு முன் இவற்றை மெய்யெழுத்து, சந்திரக்கலை (தமிழ்ப் புள்ளி போன்ற குறி), இணைப்பான் (கண்ணுக்குத் தெரியாத குறி) என்று மூன்று குறிகளாக எழுதினார்கள். 2008இல் யூனிகோடு 5.1 ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி கொடுத்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடலில் பொருந்தாது. சேமிக்கும்போதே பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றி வையுங்கள். தேடல் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். எழுத்துருவைப் பொறுத்தவரை, 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்து வடிவமா, பிரிந்த புதிய வடிவமா என்பது எழுத்துருவில்தான் மாறும், குறியீட்டில் அல்ல.

நானே ஒப்பீட்டு வரைபடம் தயாரிக்க எந்தத் தரவை எடுப்பது?

1. இந்தியாவுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சி-16 அட்டவணை. மாவட்ட அளவில் இறங்குங்கள். மாநில அளவு போதாது. இரண்டாம், மூன்றாம் மொழியாகப் பேசுவோர் வேண்டுமென்றால் சி-17.
2. பின்லாந்துக்கு அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனத்தின் நகராட்சிவாரி மொழி அட்டவணை. ஒருவருக்கு ஒரு மொழிதான் பதிவாகும். இருமொழிக் குடும்பத்துக் குழந்தையும் ஏதாவது ஒன்றில் விழும். அதனால் உண்மையில் ஸ்வீடிஷ் பேசுவோர் பதிவைவிட அதிகம்.
3. ஸ்வீடனுக்கு மொழித் தரவு இல்லாததால் நாடு முழுவதையும் மெல்லிய ஒரே நிறத்தில் தீட்டி, 'மதிப்பீடு' என்று எழுதுங்கள்.
4. விகிதத்துக்கு நிறம், எண்ணிக்கைக்கு வட்டம் என்று பிரியுங்கள். ஹெல்சிங்கி நிறத்தில் வெளிறியும் வட்டத்தில் பெரிதாகவும் தெரிய வேண்டும். பெங்களூரு மலையாளமும் அப்படியே.
5. ஆட்சி மொழியாக உள்ள பகுதிகளுக்குத் தடித்த எல்லைக்கோடு. மாஹே போன்ற சிறு புள்ளிகளுக்குத் தனிப் பெட்டி வரைந்து பெரிதாக்கிக் காட்டுங்கள்.

தாய்மொழி எண்ணையும், இரண்டாம் மொழியாகப் பேசுவோரையும் சேர்த்த எண்ணையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பாதிக் குழப்பம் இதனால்தான்.

இந்த எண்கள் எப்போது மாறும்?

பின்லாந்தின் தரவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். இந்தியாவில் 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027க்கு அறிவிக்கப்பட்டுள்ளது. மொழி அட்டவணைகள் பொதுவாகத் தாமதமாகவே வெளிவரும். 2011இன் மொழித் தரவு 2018இல்தான் வந்தது. அதுவரை மலையாளத்துக்கு 2011ஐயே பயன்படுத்தி, பக்கத்தில் ஆண்டைத் தவறாமல் எழுதுங்கள்.